அக்காவின் அளவு

அந்தக் கோப்பு என் கைத்தொலைபேசிக்கு வந்த நேரம் நான் ஒரு செத்தவீட்டுக்கு நினைவுமலர் செய்துகொண்டிருந்தேன். ஊர்காவற்றுறையில் இறங்குதுறைக்குப் போகும் வழியில் எங்கள் போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில். திறப்பதும் பூட்டுவதும் நான்தான். கொப்பி அடிப்பதைவிடக் கொம்பியூட்டரில் பக்கங்களைத் திருத்துவதுதான் அங்கே அதிக வேலை. லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் பிள்ளைகள் படங்களையும் பாட்டுகளையும் பெரிய பக்கத்தில் அடுக்கிப் பீடிஎஃப் ஆக அனுப்புவார்கள். அச்சகத்துக்கு அது பாதித் தாள் அளவில் வேண்டும். சுருக்கினால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். ஓரத்தை வெட்டினால் படத்தில் கரையில் நிற்கும் மருமகனுக்குத் தோள் இல்லாமல் போய்விடும். பிறகு அந்த மருமகனே தொலைபேசி எடுத்துக் கேட்பார்.

கோப்பை அனுப்பியது கனடாவில் இருக்கும் மச்சாள், அதாவது அக்காவின் கணவருடைய தங்கச்சி. கூடவே குரலிலும் பேசி அனுப்பியிருந்தாள்.

"இஞ்ச கொஞ்சப் பொம்பிளையள் சேர்ந்து செய்த தையல் அளவு இது. சும்மாதான் குடுக்கினம். உம்மட அக்காவுக்கு உதவும் எண்டு நினைச்சனான். அவவிட்ட நேர அனுப்ப எனக்குத் துணிவில்லை. நீர் அடிச்சுக் குடும்."

திறந்து பார்த்தேன். வளைந்த கோடுகள், புள்ளிக் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அளவுகள். முதலில் சின்னப் பிள்ளைகளின் தொப்பி என்றுதான் நினைத்தேன். அடுத்த பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒப்பரேசனில் மார்பை எடுத்த பெண்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளத் துணியால் தைக்கும் மார்பு அது.

அக்காவுக்கு இடது பக்கத்தில் கட்டி வந்து, யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன் செய்து, அந்தப் பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். பிறகு ஏற்றிய மருந்துகளும் முடிந்து, தலையில் மயிர் திரும்ப முளைத்துக்கொண்டிருந்தது. டொக்டர் நல்லாயிருக்கு என்று சொல்லியிருந்தார். அக்காவும் யாரும் கேட்டால் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வாள். சமைத்தாள், மீன் வெட்டினாள், அத்தான் கடலால் வரும் நேரத்துக்குத் தேத்தண்ணி வைத்தாள். ஆனால் வீட்டில் அத்தானின் பழைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் நடமாடினாள். கோயிலுக்கும் கிளினிக்குக்கும் தவிரப் படலைக்கு வெளியே போவதில்லை. அவள் தையற்காரி. எங்கள் பக்கத்தில் கலியாணச் சட்டை என்றால் அவளிடம்தான் வருவார்கள். ஒப்பரேசனுக்குப் போன அன்று மெஷினுக்குப் போர்த்த சீலையை அவள் பிறகு எடுக்கவில்லை. கை உயர்த்த ஏலாது என்றாள். கை உயர்ந்தது என்பது எனக்குத் தெரியும். மேல் தட்டில் இருக்கும் சீனிப் பேணியை அந்தக் கையால்தான் எடுப்பாள்.

எங்கள் வேதக் கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவளும் அவள்தான். வேறு ஆளைப் பாருங்கோ என்று சுவாமியிடம் அத்தானைக் கொண்டு சொல்லிவிட்டாள். பூசைக்குப் போவாள், ஆனால் பக்கக் கதவுக்குக் கிட்ட, கடைசி வாங்குப் பலகையில், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருப்பாள். சனம் ஒன்றும் கேட்பதில்லை. பார்க்கும்.

கிளினிக் வாங்கில் அவளுக்கு ஒரு நெடுந்தீவுப் பெண் பழக்கமாகியிருந்தாள். அக்காவைவிட வயது கூடியவள். அவளுக்கும் ஒரு பக்கம் இல்லை. போட் நேரம் சரிவராது என்பதால் முதல்நாளே யாழ்ப்பாணம் வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிக் கிளினிக்குக்கு வருவாள். ஒருமுறை நான் அக்காவோடு போயிருந்தபோது அவள் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"நான் கால் சொக்ஸைச் சுருட்டி உள்ளுக்கை வைச்சுக்கொண்டு போட்டில ஏறினனான், பிள்ளை. கடல் சரியான அடி. குறிகட்டுவான் துறையில இறங்கேக்க அது கழுத்தடியில நிக்குது. பக்கத்தில இருந்த மனுசன் பேயைக் கண்டவன் மாதிரிப் பாக்கிறான்."

வரிசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவளும் கைக்குட்டைகளைச் சுருட்டி வைத்துப் பார்த்தவள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் மச்சாளின் கோப்பை அடித்தேன். கடைப் பிரின்டர் எதைக் கொடுத்தாலும் தாள் நிறைய அடிக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. அடையாள அட்டைக் கொப்பிக்கும் கோயில் நோட்டீசுக்கும் அதுதான் வசதி. தாள்களை உறையில் போட்டு, வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். என்னவென்று சொன்னேன். அவள் உறையைத் திறக்கவில்லை.

"ஆரடி உனக்கு இதெல்லாம் சொன்னது?"

"மச்சாள் அனுப்பினவ."

"கனடா வரைக்கும் போயிட்டுதோ என்ர கதை."

மெஷின் சீலைக்கு மேலே உறையை வைத்துவிட்டு நான் சுருவிலில் இருக்கும் என் வீட்டுக்குக் கடைசி பஸ் பிடித்தேன். சில நாள் கழித்து அவளே தொலைபேசி எடுத்தாள். "வேலை முடிய வந்திட்டுப் போ" என்றாள், அவ்வளவுதான்.

போனபோது மெஷின் சீலை மடித்து ஒரு பக்கம் இருந்தது. அக்கா அறைக்குள் என்னைக் கூப்பிட்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். வெள்ளைத் துணியில் தைத்துப் பஞ்சு அடைத்திருந்தாள். தையலில் ஒரு குறையும் இல்லை. உள்ளே வைத்துச் சட்டையைப் போட்டதும் இடது பக்கம் வலதைவிட நன்றாகவே முன்னுக்கு வந்து நின்றது.

"பார். நல்லாப் பார்" என்றாள். "நான் என்ன நாடகத்தில பொம்பிளை வேஷம் கட்டுறனே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் அதை உருவிக் கட்டிலில் எறிந்தாள்.

"நடு அளவுதான் வெட்டினனான். அந்த நாட்டுப் பொம்பிளையளின்ர நடு இதாக்கும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த நாள் கடையில் ஆள் இல்லாத நேரம் கோப்பைத் திறந்து பக்கத்தின் அளவைப் பார்த்தேன். அது ஏ4 இல்லை. கனடாக்காரர் பாவிக்கும் கடிதத் தாளும் இல்லை. இரண்டையும்விடச் சிறிதாக, ஒரு கணக்கிலும் சேராத அளவு. யாரோ ஓரங்களை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய சிறிய பக்கத்தை எங்கள் பிரின்டர் ஏ4 தாள் நிறைய இழுத்துப் பெருப்பித்து அடித்திருக்கிறது. அக்கா தைத்தது அந்தப் பெருத்த அளவை.

பீடிஎஃபில் ஓரத்தை வெட்டினால் அது உண்மையில் வெட்டுப்படுவதில்லை. கத்தரிக்கோல் வேலை மாதிரி இல்லை அது. பக்கத்துக்கு முன்னால் ஒரு மறைப்பு வைத்து இவ்வளவுதான் தெரியவேண்டும் என்று சொல்வது மட்டும்தான். மறைத்தது உள்ளேயே கிடக்கும். மறைப்பை எடுத்துவிட்டேன். பக்கம் நாலு பக்கமும் விரிந்தது. கீழ்க்கரையில் ஒரு கறுப்புச் சதுரம் வந்தது. அதன் பக்கத்தில் ஆங்கிலத்தில், அச்சடித்த பின் இந்தச் சதுரத்தை அளந்து பாருங்கள், ஒரு பக்கம் ஐந்து சென்ரிமீற்றர் இல்லாவிட்டால் வெட்டவேண்டாம் என்று போட்டிருந்தது.

மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

"ஓம், நான்தான் வெட்டினனான். கரையெல்லாம் ஒரே இங்கிலிஷ். அக்கா பாத்திட்டு ஏலாது எண்டு வைச்சிடுவா எண்டு நினைச்சு வடிவாக்கி அனுப்பினனான். ஏன், பிழைச்சுப்போச்சே?"

"கொஞ்சம் பெரிசா வந்திட்டுது."

 "ஐயோ கடவுளே" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இம்முறை பிரின்டரில் அளவை மாற்றாமல் அடிக்க வைத்தேன். வந்த தாளில் அடிமட்டத்தை வைத்துச் சதுரத்தை அளந்தேன். சரியாக ஐந்து. கோப்பில் இருந்த உரு வலது பக்கத்துக்கானது, அக்காவுக்கு வேண்டியது இடது. ஆகவே பக்கத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி இன்னொரு பிரதியும் அடித்தேன். அது எப்படிச் செய்வது என்று கண்டுபிடிக்க நிறைய நேரம் போனது. கொண்டுபோய்ப் பெருமையோடு காட்டினேன்.

அக்கா தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பின்பக்கத்தால் கோடு தெரிந்தது.

"இவ்வளவுதானே. இதுக்கே மினக்கெட்டனி?"

சின்ன அளவு அவளுக்குக் காணாது, நடு அளவு மெத்தப் பெரிது. இரண்டுக்கும் இடையில் வேண்டும். கடை லப்டொப்பை எடுத்துப் போயிருந்தேன். குசினியில் சமையல் மேசையில் வைத்து, சின்ன அளவை நூற்றுக்கு இத்தனை என்று கூட்டினேன். அக்கா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நில். என்ன செய்யிறாய்?"

"முழுப் பக்கத்தையும் பெருப்பிக்கிறன்."

"அப்ப தையலுக்கு விடுற ஓரமும் சேர்ந்தெல்லோ பெருக்குது. ஆள் பெருத்தாலும் மெலிஞ்சாலும் தையல் ஓரம் ஒரே ஓரம்தான்."

வெளிக்கோட்டை விட்டுவிட்டுத் தையல் விழும் புள்ளிக் கோட்டை மட்டும் பெருப்பிக்கச் சொன்னாள். ஓரத்தைத் தான் கையால் கீறிக்கொள்வதாகச் சொன்னாள். நான் கூட்டிக் கூட்டிக் காட்ட, "இன்னும் கொஞ்சம். காணும். இல்லை, கொஞ்சம் குறை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதைப் பார்த்து அந்த அளவைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. திரையைப் பார்த்துக்கொண்டு வலது கையை ஒரு பாத்திரத்தை ஏந்துவது போல வைத்திருந்தாள். கேட்கக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

துணி சரியாக வந்தது. நிறைதான் வரவில்லை. பஞ்சு மட்டும் அடைத்தால் அது மெல்ல மேலே ஏறிவிடுகிறது. நெடுந்தீவுக்காரியின் சொக்ஸ் கதைதான். கீழ்ப்பக்கத்தில் பாரமான ஏதாவது வைக்கவேண்டும் என்று கோப்பிலும் போட்டிருந்தது. பாசிப்பயறு வைக்கலாமா என்று நான் கேட்டேன்.

"வேர்வைக்கு முளைச்சா?" என்றாள் அக்கா.

அத்தான் விறாந்தையில் போட் எஞ்சினின் ஏதோ ஒரு பகுதியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். இந்தக் கதை தொடங்கியதிலிருந்து அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்கள் அறைக்குள் போனால் அவர் வெளியே போவார். அன்று எழும்பிப் பின்பக்கம் போய் வந்து, குசினி வாசலில் நின்றபடி கையை நீட்டினார். கைக்குள் வலையில் கட்டும் ஈயக் குண்டுகள் கொஞ்சம் இருந்தன.

"இஞ்சாரும், இதைப் போட்டுப் பாருமன்" என்றார் அக்காவிடம். "எந்தக் கடலுக்கும் மேல வராது."

அக்கா குண்டுகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நான் என்ன வலையே?"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். ஒப்பரேசனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். தையல் போட்ட இடம் இழுக்குது என்று பிடித்துக்கொண்டும் சிரித்தாள். அத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் கையை நீட்டியபடியே நின்றார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஈயம் உடம்புக்குக் கூடாது என்று நான் சொன்னேன். அதை உள்ளே வைக்கவில்லை. ஆனால் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் வைத்து எவ்வளவு பாரம் வேண்டும் என்று அக்கா பார்த்துக்கொண்டாள். அந்தப் பாரத்துக்குச் சேலைக்குத் தைக்கும் கண்ணாடி மணிகளை நிறுத்து, சின்னப் பையாகத் தைத்துப் பஞ்சுக்குக் கீழே வைத்தாள். நிறுத்தது அத்தான். மீன் நிறுக்கும் தராசைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அக்கா போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் முதலில் நேராக நின்றாள், பிறகு பக்கவாட்டில். கையை உயர்த்திப் பார்த்தாள். குனிந்தாள். ஒன்றும் அசையவில்லை.

"தோள் இவ்வளவு நாளும் ஒரு பக்கம் சரிஞ்சு நிண்டிருக்குது" என்றாள். "இப்பதான் தெரியுது."

 வீட்டில் போட்டுத் திரிந்த அந்தச் சேர்ட்டை மடித்து அத்தானின் உடுப்புகளோடு வைத்தாள்.

அடுத்த ஞாயிறு பூசையில் முன்வாங்கில் இருந்தாள். வாசிக்கவில்லை. இன்னும் சில ஞாயிறுகள் போனபின், வாசிக்கிறவர் காய்ச்சலில் கிடக்க, சுவாமி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா எழும்பிப் போனாள். அன்று அவள் எதை வாசித்தாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சட்டை இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு வசனம்கூடக் காதில் விழவில்லை. இருந்தது. 

அடுத்த கிளினிக்குக்கு அக்கா அளவுநாடாவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நெடுந்தீவுக்காரியைப் பெண்களின் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் கதவைப் பூட்டி அளவெடுத்தாள். உள்ளே ஒருத்தி கூச்சத்தில் கத்திச் சிரிக்கும் சத்தம் வெளியே கேட்டது. தாதி வந்து கதவைத் தட்டினாள். அந்த அளவுக்கு நான் பக்கத்தை மாற்றி அடித்தேன், அக்கா தைத்தாள். ஆனால் அதற்கடுத்த கிளினிக்குக்கு நெடுந்தீவுக்காரி வரவில்லை. தொலைபேசியும் வேலை செய்யவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து அக்கா, "நெடுந்தீவுக்குப் போயிட்டு வருவம்" என்றாள்.

காலைப் போட்டுக்குப் போனோம். கச்சான் காற்றில் கடல் கொந்தளிக்கும் நாட்கள். கீழ்த்தட்டில் சனம் சாமான்களோடு நெருக்கிக்கொண்டிருந்தது. அக்கா தைத்ததைப் பொதியாக்கி மடியில் வைத்திருந்தாள். கடல் அடித்தது. போய்ச் சேரும் வரைக்கும் அக்கா பொதியின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் நினைத்ததைத்தான் அவளும் நினைத்திருப்பாள்.

துறையில் ஒரு முச்சக்கரவண்டிக்காரரிடம் விசாரித்தோம். கிளினிக்குக்குப் போய்வரும் மனுசி என்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கல்வேலிகளுக்கு நடுவே போய் ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். முற்றத்தில் அவள் கோழிகளுக்கு எதையோ எறிந்துகொண்டு நின்றாள்.

"எட, இதார்?" என்றாள். "போன கிழமை முழுக்கக் காத்து, போட் ஓடேல்ல பிள்ளை. தொலைபேசி கிணத்துக்கை விழுந்திட்டுது. நான் என்ன செய்ய?"

அக்கா அந்த இடத்திலேயே முற்றத்தில் குந்திவிட்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

அக்கா அவளை அறைக்குள் கூட்டிப்போய்ப் போட்டுவிட்டாள். என்னையும் கூப்பிட்டார்கள். கச்சிதமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவளுடைய முகத்தைப் பார்த்தோம். அவள் குனிந்து பார்த்தாள், கையால் கீழேயிருந்து தூக்கிப் பார்த்தாள்.

"இது இருந்ததின்ர அளவு" என்றாள்.

"அளவெடுத்துத்தானே, அன்ரி, தைச்சனான்" என்றாள் அக்கா.

"அதுதான் சொல்லுறன். இருந்ததைப் போல வேணும் எண்டு நான் எப்ப சொன்னனான்? புதிசாச் செய்யிறனீங்கள், கொஞ்சம் தாராளமாச் செய்தால் என்ன?"

பகல் சாப்பாடு தந்துதான் விட்டாள். திரும்பும் போட்டில் அக்கா என்னிடம், "எவ்வளவு கூட்டலாம்?" என்று கேட்டாள். நான் சொன்னேன். "அது மெத்த" என்றாள். குறிகட்டுவான் வரும்வரைக்கும் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தோம்.

இப்போது கிளினிக்கில் யாராவது கேட்டால் அக்கா அளவெடுத்து எனக்கு அனுப்புவாள். நான் கடையில் நினைவுமலர் வேலைகளுக்கு இடையில் பக்கத்தை மாற்றி, சதுரத்தை அளந்து, அடித்துக் கொடுப்பேன். தாளில் யாருடையது என்று எழுதுவதில்லை. அக்காவுக்கு அது தேவையும் இல்லை, கோட்டைப் பார்த்தே இன்னாருக்கு என்று சொல்லிவிடுவாள். கலியாணச் சட்டைகளும் திரும்ப வரத் தொடங்கிவிட்டன. அவளுக்கு இன்னும் பரிசோதனைகள் இருக்கின்றன. போவதற்கு முதல்நாள் சரியாகச் சாப்பிடமாட்டாள்.

நெடுந்தீவுக்காரிக்கு அந்தக் கட்டி வருத்தம் முதுகெலும்பில் திரும்ப வந்திருக்கிறது. மருந்து ஏற்றுகிறார்கள். போன முறை பெரிய அளவைப் போட்டுக்கொண்டு, அதற்கேற்ற புதுச் சட்டையோடு கிளினிக்குக்கு வந்திருந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள். அக்காவைப் பக்கத்தில் இழுத்து வைத்து, இப்ப மற்றப் பக்கம் சிறிசாத் தெரியுது, அதுக்கும் மேலால ஒண்டு செய்யலாமோ என்று கேட்டாள்.

"முதல்ல மருந்தை எடுங்கோ" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அளவுநாடாவை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள்.